கயிறு முந்தியது, உண்மை பிந்தியது!

"வழக்காம், சாட்சியாம், வாய்தாவாம்! குற்றவாளியைப் பிடித்த இடத்திலேயே முடிப்பதுதான் நீதி" என்று முழங்குவோர் எந்நாட்டிலும் உண்டு. கேட்பதற்கு அது வீரமாகத் தோன்றும். அந்த வீரத்தின் விலை யாது என்பதை 1943இல் வெளிவந்த ஓர் அமெரிக்கப் படம் காட்டுகிறது, தோழர்களே! வில்லியம் வெல்மன் இயக்கிய 'தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்' என்பது அதன் பெயர்.

கதை நிகழும் ஆண்டு 1885, இடம் நெவாடா. மாட்டுப்பண்ணைக்காரர் கின்கெய்டு சுட்டுக் கொல்லப்பட்டார் என்று சேதி வருகிறது. ஊர் கொதிக்கிறது. "பிடித்தால் விசாரணைக்குக் கொண்டு வாருங்கள்" என்று நீதிபதி சொன்னது காற்றோடு போகிறது. இரவிலே மூவர் அகப்படுகின்றனர். கின்கெய்டின் மாடுகள் அவர்களிடம் உள்ளன, விலைச்சீட்டு இல்லை. ஒருவனிடம் கின்கெய்டின் துப்பாக்கி! கூட்டத்துக்கு வேறென்ன வேண்டும்?

கூட்டம் வாக்கெடுக்கிறது. கொலை வேண்டாமென விலகி நிற்போர் எழுவரே. அவர்களுள் ஒருவர் ஸ்பார்க்ஸ் என்னும் கறுப்பர். தம் உடன்பிறந்தான் இவ்வாறே மாண்டதைச் சிறுவயதில் கண்டவர். எழுவரின் மறுப்பு மூவரின் உயிரைக் காக்கப் போதவில்லை. தூக்கிலிட்டுத் திரும்புகையில் ஷெரீப் எதிர்ப்படுகிறார். கின்கெய்டு சாகவேயில்லை!

எண்ணிப் பாருங்கள். மாடுகள் கின்கெய்டுடையவை என்பது உண்மை. துப்பாக்கி அவருடையது என்பதும் உண்மை. ஆயினும் தீர்ப்புப் பொய்! ஏளனம் செய்கிறார்களே, அந்த வாய்தா ஒன்று, ஒரே ஒரு நாள் வாய்தா, கிடைத்திருந்தால் மூவரும் பிழைத்திருப்பர். மாண்டவர் யார்? ஊருக்குப் புதியவன் ஒருவன், மெக்சிகன் ஒருவன், அறிவு தளர்ந்த முதியவர் ஒருவர். கூட்டத்தின் கயிறு கேட்பாரற்றவன் கழுத்தையே தேடும்!

வெறும் சினிமாக் கதை என்பீரோ? இதில் நாயகனாக நடித்த ஹென்றி ஃபோண்டா, 1919இல் ஒமாகா நகரில், தந்தையின் அச்சகத்திலிருந்து இத்தகைய கொடுமையைக் கண்ணாரக் கண்டவர். அப்போது அவருக்கு வயது 14. நீதிமன்றக் கட்டடத்துக்கே தீ வைத்து, வில் பிரவுன் என்ற கறுப்பரை இழுத்துச் சென்று கொன்றது கும்பல். 1882 முதல் 1968 வரை அமெரிக்காவில் இவ்வாறு மாண்டோர் 4,743 பேர் என்பது டஸ்கிகீ கல்விநிலையத்தின் கணக்கு. அவர்களுள் 3,446 பேர் கறுப்பர்கள். இதைத் தடுக்கும் மசோதா 1922இல் கீழவையில் நிறைவேறியது. தென்மாநிலச் செனட்டர்கள் அதை முடக்கினர். அத்தகைய கூட்டாட்சிச் சட்டம் பிறந்ததோ 2022இல்!

சட்டம் தாமதிக்கிறது, சிலவேளை வலியவன் பக்கம் வளைகிறது. மறுப்பாரில்லை. அதனை விரைவுபடுத்துவோம், நிமிர்த்துவோம், அதற்காகப் போராடுவோம். ஆனால் நீதியின் பெயரால் பழிவெறி கயிறு கேட்டு வரும் நாளில், உங்கள் கை அதன் பக்கம் உயராதிருக்கட்டும். விலகி நின்றால் மட்டும் போதாது, குறுக்கே நில்லுங்கள்!