பல் வரிசையும் பெற்றோர் கடமையும்

சென்ற நவராத்திரி விழாவில் நம் சங்கத்துச் சிறுவர் சிறுமியரை வரிசையாக நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்க, நம் மூத்த மகள் மட்டும் உதடுகளை இறுக மூடி நின்றாள். 12 வயதுப் பெண் சிரிக்க அஞ்சுகிறாள் என்பதை அன்றுதான் நாம் கண்டுகொண்டோம்.

பிழை நம்முடையதே. அவளுடைய 7-ஆம் வயதில் கடைவாய்ப் பால்பல் ஒன்று சொத்தையாகிப் பிடுங்கப்பட்டது. ‘பால்பல்தானே, புதுப்பல் வரும்’ என்று வாளாவிருந்தோம். சென்ற ஆண்டு கோரைப்பல் வரிசையை விட்டு மேலே முளைத்தபோது, ‘தெத்துப்பல் அதிர்ஷ்டம்’ என்று ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு மகிழவும் செய்தோம்.

பல் மருத்துவர் விளக்கிய பிறகே உண்மை புலனாயிற்று. ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, பால்பல் பின்வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கிறது. துண்டை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து அமர்வது இயல்பன்றோ? அன்றே இடங்காக்கும் சிறு கம்பி ஒன்றைப் பொருத்தியிருந்தால் இத்துணைத் தொல்லை நேர்ந்திராது. இப்போது நல்ல பற்கள் இரண்டை எடுத்து இடம் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

பல்லைச் சீர்செய்யும் முறைகள் பல. சிறு கோணலுக்குக் கழற்றி மாட்டும் தட்டே போதும். பெரும்பாலான குறைகளுக்கு ஏற்றது, பல்மீது ஒட்டப்படும் உலோகக் கிளிப்பும் கம்பியும். பல்லின் நிறத்திலேயே அமைந்த பீங்கான் கிளிப் கண்ணை உறுத்தாது. ஆனால் விலை அதிகம். ‘அலைனர்’ எனப்படும் தெளிந்த பிளாஸ்டிக் உறையை உண்ணும்போது கழற்றிவிடலாம். எனினும் நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிந்திருத்தல் வேண்டும். மறதிக்காரக் குழந்தைகளுக்கு அது உதவாது. எல்லாக் குறைகளுக்கும் பொருந்துவதும் இல்லை.

கம்பியின் மெல்லிய அழுத்தத்தால் பல்லின் ஒரு புறம் எலும்பு கரைந்து, மறு புறம் புது எலும்பு வளர்கிறது. ஆகவே அவசரம் கூடாது. பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். கம்பியைக் கழற்றிய பின்னும் ‘ரிடெய்னர்’ அணியாவிடில் பற்கள் மீண்டும் பழைய இடத்தை நாடும். ஈறு நலமாக இருந்தால் பெரியவர்களும் இச்சிகிச்சை பெறலாம்.

பல் இடைவெளியை அடைக்க ரப்பர் வளையம் மாட்டும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். வளையம் ஈறுக்குள் நழுவிப் பல்லையே விழச் செய்துவிடும்.

நம்மைப் போல் மாற்றலுக்கு உட்பட்ட உத்தியோகஸ்தர்கள் எக்ஸ்ரே, பல் அச்சு, சிகிச்சைக் குறிப்பு ஆகியவற்றின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நலம். பாதி வழியில் வேறு ஊர் சென்றாலும் புதிய மருத்துவர் தொடர இயலும். செலவுக்கு அஞ்சுவோர் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளை நாடலாம். கல்கத்தாவில் 1920-இல் தொடங்கப்பெற்ற டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி அத்தகையதே.

7 வயதான குழந்தை வீட்டில் இருந்தால் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நம் மகளுக்கு அடுத்த வாரம் கம்பி பொருத்துகிறார்கள். இரண்டு நவராத்திரிகள் கழித்து எடுக்கும் புகைப்படத்தை நாம் ஆவலோடு எதிர்நோக்கியிருக்கிறோம்.