நூற்றறுபது மீட்டர் நகர்ந்த ராஜகிரி

பழைய வான்படத்தின் மேல் இன்றைய ட்ரோன் படத்தைப் பரப்பி, ஓரங்களை மழுக்கி, இரண்டையும் ஒன்றாக்கும் வேலை நம் துறையில் பெருகிவிட்டது. 2025 ஜூலையில் மராட்டியர் கால ராணுவ நிலப்பரப்பாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 12 கோட்டைகளில் தமிழ்நாட்டுக்கு உரியது செஞ்சி மட்டுமே. இனி கேமராக்கள் அங்கேதான் போகும். எனவே செஞ்சியை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம்.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்திலிருந்து சுமார் 240 மீட்டர் உயரம். அடிவாரத்துக்கு 3,000 மீட்டர் மேலே பறந்த விமானத்திலிருந்து, 15 செ.மீ. குவியத்தூர லென்ஸால், செங்குத்தாகக் கீழ்நோக்கி எடுத்த படம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அடிவாரத்தில் அதன் அளவுகோல் 1:20,000. மலையுச்சி படத்தின் மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி விழுந்திருந்தால், உரிய இடத்தைவிட 8 மி.மீ. வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கும். தரையில் அது 160 மீட்டர்! கல்யாண மகாலையும் அடிவாரக் குளங்களையும் கச்சிதமாகப் பொருத்தினாலும் உச்சியிலுள்ள அரங்கநாதர் கோயில் இரண்டாகத் தெரியும். உடனே படத்தை வளைக்கும் வார்ப் கருவியை எடுத்து இழுக்கிறோம். கோயில் ஒன்றாகிவிடும், மதில் வளைந்துவிடும். அந்த வளைவைப் பார்த்து, மதிலைப் பிற்காலத்தில் யாரோ மாற்றிக் கட்டினார்கள் என்று ஒருவர் கட்டுரையும் எழுதிவிடுவார்.

ட்ரோன் படமும் யோக்கியமில்லை. ட்ரோன் விதிகளின் பச்சை மண்டலத்தில் முன் அனுமதியின்றிப் பறக்கக்கூடிய உயரம் தரையிலிருந்து 400 அடி. (நினைவுச்சின்னத்துக்குத் தொல்லியல் துறையின் அனுமதி தனி.) அடிவாரத்தில் ஏவி அந்த உயரத்திலேயே நிறுத்தினால் ராஜகிரியில் பாதி உயரம்தான் வரும், உச்சியை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். சரிவோடு ஏறிப் பறந்து எடுத்த படங்களிலோ ஒவ்வொரு பாறையும் தன் பங்குக்குச் சாய்ந்திருக்கும்.

வழி இல்லாமல் இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் ஆகிய செஞ்சி மலைகள் மூன்றிலும் அடிவாரம், நடுச்சரிவு, உச்சி என வெவ்வேறு உயரங்களில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வேண்டும். மரமும் சாலையும் வேண்டாம். பெரும்பாறைகள் போதும், அவை அசையவில்லை. பிறகு உயர மாதிரியைக் கொண்டு இரு படங்களையும் தனித்தனியே திருத்தியபின்தான் கலப்பு. பாறைகளைப் போலக் கட்டடக் கற்களை நம்ப முடியாது. செஞ்சித் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். இன்று அவை புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன.

செஞ்சிக்கு மாறாக, உளுந்தூர்பேட்டை, சோழவரம் போன்ற இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுபாதைகள் சமதளம். உயரத் தொல்லை இல்லை. அங்கே வருவது வேறு ஆசை: எங்கோ எடுத்த விமானத்தை வெட்டி, வெறும் ஓடுபாதையில் ஒட்டுவது. சோழவரத்தில் பின்னாளில் பந்தயக் கார்கள் ஓடியதால் பழைய விமானத்தின் கீழ் டயர்த் தடமும் சேர்ந்துவிடலாம். அதை ஓவியம் என்று அனுப்புங்கள், மறுப்பில்லை.

அடுத்த இதழிலிருந்து கலப்புப் படத்தோடு கலக்காத இரு மூலக் கோப்புகளையும், கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் பட்டியலையும், பொருத்தத்தில் மிஞ்சிய பிழையின் மீட்டர் அளவையும் அனுப்ப வேண்டும். இரு படங்களும் சேரும் கோட்டை மழுக்காமல் விடுங்கள். அச்சிலும் அப்படியே வரும்.