வரிக்கு மட்டும் நகரமா?

வேளச்சேரி விஜயநகரில் தாம்பரம் சாலைப் பேருந்தில் ஏறினால், நெரிசல் இல்லாத நேரத்தில் பள்ளிக்கரணை வெகு பக்கம். ஆனால் பள்ளிக்கூட விஷயத்தில் இரண்டு ஊருக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு பத்தாண்டுக்கு மேல் அழியாமல் கிடந்தது. அந்தக் கோட்டை அழிக்காமல் விட்டவர்கள் நம் ஆட்சியாளர்கள்தான்.

வேளச்சேரி 1970களின் இறுதியிலேயே சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. பள்ளிக்கரணை, பெருங்குடி, மடிப்பாக்கம், ஒக்கியம் துரைப்பாக்கம் முதலிய 42 உள்ளாட்சிகளின் முறை 2011 அக்டோபரில் வந்தது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 ஆகப் பருத்தது. குப்பை, தெருவிளக்கு, சாலை, கட்டட அனுமதி எல்லாம் மாநகராட்சியின் கைக்குப் போயின. சொத்து வரியும் போயிற்று. அதில் ஒரு பங்கு கல்வி வரி. பள்ளிக்கூடங்கள் மட்டும் போகவில்லை.

விளைவு விசித்திரமானது. ஊராட்சியே இல்லாத ஊரில், பெயர்ப் பலகை மட்டும் ‘ஊராட்சி ஒன்றியப் பள்ளி, பரங்கிமலை ஒன்றியம்’ என்று நின்றது. ஆசிரியருக்குச் சம்பளம் தருவது பள்ளிக் கல்வித் துறை. ஓடு உடைந்தால், கழிப்பறை அடைத்துக்கொண்டால், சுற்றுச்சுவர் சாய்ந்தால் தலைமையாசிரியர் யாரிடம் போவார்? ஒன்றியத்துக்கு அந்த ஊர் இனி சொந்தமில்லை. மாநகராட்சிக்கு அந்தப் பள்ளி இன்னும் சொந்தமில்லை. வருவாய்த் துறைக் கணக்கில் அந்தப் பகுதிகள் 2018 வரை காஞ்சிபுரம் மாவட்டம் என்பது இதில் இன்னொரு கூத்து.

இதில் நம்மை அதிகம் உறுத்துவது கண்ணகி நகர். அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் குடிசையில் வாழ்ந்தவர்களை 2000 முதல் மாநகர எல்லைக்கு வெளியே, ஒக்கியம் துரைப்பாக்கம் ஊராட்சியில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். நகரத்துப் பள்ளியில் படித்த பிள்ளைகள் அதோடு நகரத்துக்கு அந்நியரானார்கள். 2011இல் எல்லை நகர்ந்து, அவர்கள் குடியிருந்த மண் மறுபடியும் சென்னையானது. அவர்களின் பள்ளி ஆகவில்லை.

இத்தனைக்கும் இந்த மாநகராட்சியின் பாரம்பரியம் சாமானியமானதல்ல. பிட்டி தியாகராயர் தலைமையில் 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது இதே மாநகராட்சி. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பது நாடு விழிக்கும் முன்பே அதற்குத் தெரிந்திருந்தது. தியாகராய நகர் என்று அவர் பெயரைச் சூட்டிக்கொண்டால் மட்டும் போதுமா?

கடைசியில், புறநகரின் 139 பள்ளிகள் மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன. ஏற்கெனவே இருந்த 281 பள்ளிகளுடன் சேர்த்து எண்ணிக்கை 420. வரவேற்கிறோம். ஆனால் பாராட்டுப் பத்திரம் வாசிக்க மனம் வரவில்லை. 2011இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, கைமாற்றம் நடப்பதற்குள் தொடக்கப் பள்ளியையும் நடுநிலைப் பள்ளியையும் தாண்டிப் போய்விட்டது. நிர்வாகச் சிக்கல் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். வரி வசூலுக்கு அந்தச் சிக்கல் ஏன் வரவில்லை?

நடுத்தர வர்க்கத்துக்கும் இதில் பங்குண்டு. வேளச்சேரியின் அடுக்ககங்களில் காலை ஏழரைக்குத் தனியார் பள்ளி வேன்கள் வரிசை கட்டுகின்றன. அதே வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் பிள்ளை படிக்கும் பள்ளி எங்கே இருக்கிறது என்றுகூட நம்மில் பலருக்குத் தெரியாது. கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் விலகிப்போனதால்தான் கேட்பாரற்றுப் போயின அந்தப் பள்ளிகள்.

2011 முதல் இந்தப் பகுதிகளில் வசூலான கல்வி வரி எவ்வளவு, அதில் இந்த 139 பள்ளிகளுக்குச் செலவானது எவ்வளவு என்பதை வார்டு வாரியாக மாநகராட்சி வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு ஒவ்வொரு பள்ளியின் மேலாண்மைக் குழுவின் கையிலும் இருக்க வேண்டும். செலவாகாமல் நின்ற தொகை இருந்தால், அதை வேறு எதற்கும் திருப்பாமல் இந்தப் பள்ளிகளின் கழிப்பறைக்கும் வகுப்பறைக்குமே கொடுக்க வேண்டும். அது சலுகையல்ல, பாக்கி.