ஓடுகிற பஸ்ஸில் மோகனம்

சரண்ஜித் சிங் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் குற்றமில்லை. பம்பாய் சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் கிடார் வாசித்தவர். ஊரெல்லாம் டிஸ்கோ ஆடிக்கொண்டிருந்த 1982-ல் அவர் ஒரு காரியம் செய்தார். ரோலண்ட் என்ற ஜப்பான் கம்பெனியின் எலெக்ட்ரானிக் பெட்டிகள் மூன்றை வைத்துக்கொண்டு, தனி ஆளாகப் பத்து ஹிந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து, ஒரு எல்.பி. ரெக்கார்டு போட்டார். பாட்டு கிடையாது, பல்லவி கிடையாது. பூபாலி, யமன், மால்கௌன்ஸ் எல்லாம் உண்டு. நம்ம பாஷையில் மோகனம், கல்யாணி, ஹிந்தோளம்.

விற்கவில்லை.

மூன்றில் ஒரு பெட்டி டி.பி-303. பாஸ் கிடார்காரர் கிடைக்காதபோது துணைக்கு வாசிக்கத் தயாரித்தது. கிடார் மாதிரியே ஒலிக்கவில்லை என்று ஜனங்கள் ஒதுக்க, 1984-ல் கம்பெனி தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அப்புறம் அதைச் செகண்ட்ஹாண்டில் வாங்கிய சிகாகோ பையன்கள், குமிழ்களைக் கன்னாபின்னாவென்று திருகி 1987-ல் ஒரு ரெக்கார்டு வெளியிட, 'ஆசிட் ஹவுஸ்' என்று ஒரு இசை வகையே கிளம்பியது. நம்ம சிங் அதே மாதிரி சத்தத்தை ஐந்து வருஷம் முன்பே எழுப்பிவிட்டார். சுரத்துக்குச் சுரம் வழுக்கிப் போகும் வசதி அந்தப் பெட்டியில் இருந்தது. கமகம் பழகின காதுக்கு வேறென்ன வேண்டும்?

இதைக் கீழ்பென்னாத்தூரில் தெரிந்த மைக்செட்காரர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். "இன்னா சார், ரெக்கார்டுல கீறல் வுழுந்துடுச்சா? ஒரே எடத்துல சுத்துது!" என்றார். பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த நாகஸ்வரப் பெரியவர் மட்டும் கண்ணை மூடியபடி, "மோகனம்டா... ஓடற பஸ்ல உக்காந்து வாசிக்கறான்" என்றார். இதைவிடச் சுருக்கமான விமரிசனம் நான் படித்ததில்லை.

2002-ல் டில்லியில் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் கையில் இந்த ரெக்கார்டு சிக்கியது. கேட்டு அசந்துபோனவர், பம்பாய்க்குப் போய் சிங்கையே தேடிப் பிடித்தார். 2010-ல் மறுபடி வெளியிட்டார். 'இது 1982-ல் செய்ததாக இருக்கவே முடியாது, யாரோ விளையாடுகிறார்கள்' என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். எழுபதைத் தாண்டிய சிங், ஐரோப்பிய மேடைகளில் ஏறி வாசித்தே காட்டிவிட்டார். 2015-ல் காலமானார்.

இருபத்தெட்டு வருஷம் தாமதமாக வந்த கைதட்டலைக் கேட்க ஆள் இருந்தார். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. ஆகவே, பரணில் கிடக்கும் ரெக்கார்டுகளை எடைக்குப் போடுவதற்குமுன் அட்டையிலுள்ள பெயரை ஒரு தடவை படியுங்கள்.

படிப்பதால் எடை குறைந்துவிடாது.