நாற்காலிக்கும் அளவு உண்டு



புடவையை ஒல்லியான மருமகளும் கட்டலாம், கனத்த மாமியாரும் கட்டலாம். ரவிக்கை அப்படியில்லை, அதற்கு அளவு எடுத்தாக வேண்டும். ரவிக்கை இறுக்கிப் பிடித்தால், "தையற்காரர் அளவைக் கோட்டை விட்டுவிட்டார்" என்கிறோமே தவிர, போட்டுக் கொண்டவளைக் குறை சொல்வதில்லை. ஆனால் ஆபீஸ் நாற்காலி விஷயத்தில் மட்டும் நியாயம் தலைகீழாகி விடுகிறது. நாற்காலி சிறியதாக இருந்தால் குற்றம் உட்கார்ந்தவள் மேல்!

பசுமலையிலிருந்து தினமும் பஸ் ஏறி மதுரைக்கு வேலைக்குப் போகும் ஒரு தோழி எனக்கு உண்டு. கணக்கு வேலையில் கெட்டிக்காரி. சற்றுக் கனத்த சரீரம். அவளுக்குக் கொடுத்திருந்த சுழல் நாற்காலியின் இரண்டு கைகளும் இடுப்பை நெருக்கும். ஆகவே முன் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, முதுகைச் சாய்க்காமலே எட்டு மணி நேரமும் வேலை பார்ப்பாள். ஒரு நாள் அதன் பிளாஸ்டிக் கால் 'படக்'கென்று விரிசல் விட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள். அன்று முதல் கல்யாண வீட்டில் கூட யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டால், "இருக்கட்டும், நான் நிற்கிறேன்" என்கிறாள். முழங்கால் வலியை வைத்துக்கொண்டு அவள் சொல்லும் அந்த "இருக்கட்டும்" எத்தனை வேதனையானது!

இது அவள் ஒருத்தியின் கதை அல்ல. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேர் உயரத்துக்குத் தகுந்த எடையை விட அதிகமாக இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் விசேஷ நாற்காலி வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே அளவில் நாற்காலிகளை வாங்கிப் போட்டுவிட்டு, எல்லோரும் அதற்குள் அடங்க வேண்டும் என்றால் முடிகிற காரியமா?

"உடம்பைக் குறைத்தால் தீர்ந்தது" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அது உங்களுக்கும் உங்கள் டாக்டருக்கும் உள்ள விஷயம். இளைத்த பிறகு சௌகரியமாக உட்கார்ந்து கொள்ளலாம் என்று, நாளைய ஆபீஸ் வேலையை ஒத்திப் போட முடியாதே!

நாற்காலிக்குத் தாங்கும் எல்லை உண்டு. கடைகளில் விற்கும் பல நாற்காலிகளில் 100 கிலோ, 120 கிலோ என்று குறித்திருப்பார்கள். அமெரிக்காவில் ஆபீஸ் மரச்சாமான் தயாரிப்பாளர்களின் சங்கமான பிஃப்மா வகுத்த பொதுவான சோதனை, சுமார் 125 கிலோ எடையுள்ளவர் வரைக்கும்தான். அதற்கு மேற்பட்டவர்களுக்கென்று 2015-இல் தனியாகவே ஒரு சோதனை முறையை வகுத்தார்கள். அது சுமார் 181 கிலோ வரை. அதற்கும் முன்னால், 1994-இல், ஹெர்மன் மில்லர் என்ற கம்பெனி 'ஏரான்' என்ற நாற்காலியை வெளியிட்டபோது, செருப்புக்கு நம்பர் போடுவது போல ஏ, பி, சி என்று மூன்று அளவுகளில் செய்தது. நம் நாட்டிலும் அளவு எடுக்காமல் இல்லை. அகமதாபாதிலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகம், தேவ்குமார் சக்கரவர்த்தி தொகுத்த இந்தியர் உடல் அளவுகள் பற்றிய நூலை 1997-இல் வெளியிட்டது.

உங்கள் அளவை நீங்களே வீட்டில் எடுத்து விடலாம். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு தடித்த புத்தகத்தை நிறுத்தி வையுங்கள். எழுந்து, தையல் டேப்பால் இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, அதோடு இரண்டு அங்குலம் கூட்டிக் கொள்ளுங்கள். நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் நடுவே அவ்வளவு இடமாவது வேண்டும். கைகளை அகட்டி வைக்க முடிந்தாலும் சரி, கையே இல்லாத நாற்காலியானாலும் சரி. அடுத்தது, செருப்புப் போட்ட பாதத்திலிருந்து முழங்காலின் உட்குழி வரை உள்ள உயரம். இருக்கை அதைவிட உயரமாக இருந்தால் கால் தொங்கும். தொடை மரத்துப் போகும். இருக்கையைத் தாழ்த்த முடியாவிட்டால், வீட்டிலிருந்து ஒரு மணைப்பலகையைக் கொண்டு போய்க் காலடியில் போட்டுக் கொள்ளுங்கள்.

முதுகு விஷயம் இன்னும் முக்கியம். கனத்த சரீரத்தில் பின்புறச் சதைதான் முதலில் சாய்மானத்தைத் தொடும். அதனால் இடுப்புக்கு மேலே குழிந்த பகுதிக்கும் சாய்மானத்துக்கும் நடுவே வெற்றிடம் விழுந்து, முதுகு தாங்குவாரின்றி நிற்கும். இருக்கைக்கு மேலே சற்று இடைவெளி விட்டு, மேலும் கீழும் நகர்த்தக் கூடிய சாய்மானமாகப் பாருங்கள். நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்த பிறகு, முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும்.

அடிப்பாகத்தையும் குனிந்து பார்க்கத் தயங்காதீர்கள். ஐந்து கால்களும் உலோகமாக இருப்பது நல்லது. நடுத்தண்டில் நைட்ரஜன் வாயு அடைத்த குழாய் இருக்கிறது. விசையைத் தொட்டதும் நாற்காலி ஏறி இறங்குவது அதனால்தான். உட்கார்ந்த சிறிது நேரத்தில் நாற்காலி தானாக மெல்ல இறங்கினால், உள்ளே அடைப்புத் தேய்ந்து விட்டது என்று அர்த்தம். உடனே மாற்றச் சொல்லுங்கள். புடவைக்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: முந்தானையைச் சக்கரம் இழுத்துக் கொள்ளாமல், மடித்து மடியில் வைத்துக் கொள்ளுங்கள். எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நான்கடி நடப்பது அவசியம்.

இதையெல்லாம் கேட்க நமக்கு உரிமை உண்டா? உண்டு. கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் மூலம் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்வோர் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வசதி தரவேண்டும் என்று விதித்தது. விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று புடவை எடுத்துப் போடும் பெண்ணுக்கும் இது பொருந்தும். "தகுந்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். இடுப்பை நெருக்கி, முதுகைக் கைவிடும் நாற்காலி எப்படித் தகுந்த இருக்கையாகும்?

ஆகவே, "எனக்குப் பெரிய நாற்காலி வேண்டும்" என்று தலை குனிந்து கேட்க வேண்டாம். கைகளுக்கு நடுவே இத்தனை அங்குலம், இருக்கை உயரம் இத்தனை அங்குலம், தாங்கும் பாரம் இத்தனை கிலோ என்று ஒரு காகிதத்தில் எழுதி நிர்வாகியிடம் நீட்டுங்கள். பேசக் கூச்சமாக இருந்தாலும் அந்த எண்கள் பேசும். நீங்களே நிர்வாகியாக இருக்கிறீர்களா? அடுத்த முறை பத்து நாற்காலி வாங்கும்போது, இரண்டையாவது அகலமாக, கையில்லாமல் வாங்குங்கள். அவற்றை மூலையில் ஒதுக்கி வைக்காமல், மற்றவற்றோடு வரிசையிலேயே போடுங்கள். வருகிறவர்கள் யாரும் யோசிக்காமல் வந்து உட்காரட்டும்.