ஒரு பாட்டிலுக்குள் நாலு பீர்!

பெருங்காயம் வைத்திருந்த மரச்சிமிழைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து எடுத்து மோந்து பாருங்கள். பெருங்காயம் போயிருக்கும். வாசனை போயிருக்காது! அதிலே சர்க்கரையைக் கொட்டி வைத்தால், மறுநாள் காப்பியில் பெருங்காயம் மணக்கும்.

மரத்தின் குணம் அது. ஒரு முறை பிடித்த மணத்தை லேசில் விடாது.

இந்தச் சின்ன உண்மையை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. விஸ்கி இருந்த பழைய மரப்பீப்பாயில் கறுப்பு பீரை ஊற்றுகிறார்கள். மாதக்கணக்கில் ஊற வைக்கிறார்கள். பிறகு பாட்டிலில் அடைத்து, நல்ல விலைக்கு விற்கிறார்கள். அதை வாங்கிக் கூடி உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்துப் பார்ப்பது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு.

"ஞாயிற்றுக்கிழமை காலையில் இதென்ன குடிகாரப் பேச்சு?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம்.

காரணம் இருக்கிறது. அந்தப் பாட்டிலுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அந்தக் கணக்கைப் பாட்டிலின் மேலேயே, எல்லோருக்கும் புரியும்படி எழுத வேண்டும் என்பது நம் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு முறைதான்!

"போர்பன்" என்பது அமெரிக்க விஸ்கி. பெரும்பாலும் கெண்டக்கி மாநிலத்தில் காய்ச்சப்படுவது. அது அமெரிக்காவுக்கே உரிய பொருள் என்று அந்நாட்டுப் பாராளுமன்றம் 1964-ம் ஆண்டில் தீர்மானம் போட்டது.

போர்பனுக்குச் சட்டம் உண்டு. அதற்கான தானியத்தில் நூற்றுக்கு 51 பங்காவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். அதை ஓக் மரத்தில் செய்த புத்தம் புதிய பீப்பாயில்தான் ஊற வைக்க வேண்டும். பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் கருக்கியிருக்க வேண்டும்.

"புதிய பீப்பாய்" என்ற இந்த நிபந்தனையைக் கவனியுங்கள். ஒரு முறை போர்பன் ஊறிய பீப்பாயில் மறுபடி போர்பன் ஊற வைக்க முடியாது! ஒரு பீப்பாய் சுமார் 200 லிட்டர் பிடிக்கும். நல்ல மரம், நல்ல வேலைப்பாடு. ஆனாலும் ஒரே தடவையோடு அந்த வேலை முடிந்தது.

அப்படி ஓய்வு பெற்ற பீப்பாய்கள் எங்கே போகின்றன? ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறிப் போய், அந்த ஊர் விஸ்கியைச் சுமக்கின்றன. லூசியானா மாநிலத்தில் "டபாஸ்கோ" என்ற மிளகாய்ச் சாறு செய்பவர்கள், அரைத்த மிளகாயை இந்தப் பீப்பாய்களில்தான் ஊற வைக்கிறார்கள்.

பீர் செய்பவர்களும் வந்து வாங்குகிறார்கள். அங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

ஆறு பீப்பாய்கள்

சிகாகோ நகரத்தில் 1988-ம் ஆண்டில் "கூஸ் ஐலண்ட்" என்ற பீர் ஆலை தொடங்கப்பட்டது. நிறுவியவர் ஜான் ஹால். அவர் மகன் கிரெக் ஹால், அங்கே பீர் தயாரிப்புக்குத் தலைவராக இருந்தார்.

1990-களில் ஒரு விருந்தில் கிரெக் ஹால், புக்கர் நோ என்பவரைச் சந்தித்தார். புக்கர் நோ, புகழ்பெற்ற "ஜிம் பீம்" போர்பன் குடும்பத்தின் பேரப்பிள்ளை. பேச்சுவாக்கில் ஒரு யோசனை பிறந்தது. காலி பீப்பாய்கள் ஆறு சிகாகோவுக்கு வந்து சேர்ந்தன.

அவற்றில் கறுப்பு பீரை ஊற்றி ஊற வைத்தார் கிரெக் ஹால். "போர்பன் கவுண்டி ஸ்டவுட்" என்று அதற்குப் பெயர். "ஸ்டவுட்" என்றால் கறுப்பு பீர் வகை.

அதற்கு முன்னும் பீரை மரப்பீப்பாயில் வைத்தது உண்டு. ஆனால் விஸ்கியின் மணத்துக்காகவே வைப்பது புதுமை. பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். "இது பீரா, வேறு ஏதாவதா?" என்று கேட்டார்கள். பிற்பாடு ஊருக்கு ஊர் ஆலைகள் இதே வழியைப் பிடித்துக்கொண்டன. மிச்சிகன் மாநிலத்து ஆலை ஒன்று, கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்துக்கு அடியில் பழைய ஜிப்சம் சுரங்கத்தில் பீப்பாய்களை அடுக்கி வைத்து ஊற வைத்தது!

மோகம் வளர்ந்தது. நவம்பர் குளிரில், விடியுமுன் கடை வாசலில் வரிசை நின்று இந்தப் பாட்டிலை வாங்குகிறவர்கள் உண்டு. கூஸ் ஐலண்ட் ஆலையை 2011-ம் ஆண்டில் ஒரு மாபெரும் பீர் கம்பெனி 3 கோடியே 88 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது.

மரம் மூச்சு விடுகிறது

பீப்பாய்க்குள் என்ன நடக்கிறது?

வெயில் காலத்தில் சூடேறினால், உள்ளே இருக்கும் பீர் மரத்துக்குள் புகுகிறது. குளிர் வந்தால் வெளியே வருகிறது. மரம் மூச்சு விடுவது போல! ஒவ்வொரு முறையும் மரத்தில் இருப்பதில் கொஞ்சத்தை பீர் சுரண்டிக்கொண்டு வருகிறது.

மரத்தில் என்ன இருக்கிறது? முதலாவது, வனிலாவுக்கு மணம் தருகிற அதே சத்து ஓக் மரத்திலும் உண்டு. இரண்டாவது, தேங்காய் வாசனை தருகிற ஒரு பொருள். மூன்றாவது, கருக்கியபோது உண்டான காய்ச்சிய சர்க்கரை ருசி. நாலாவது, மரத்தில் ஊறிக் கிடந்த பழைய விஸ்கி. அந்த விஸ்கியும் பீரில் கலந்து, அதன் வேகத்தைக் கூட்டிவிடுகிறது.

பீரின் கறுப்பு நிறம் மரத்திலிருந்து வந்ததல்ல. பார்லியைக் காப்பிக்கொட்டை போலக் கருக வறுத்துப் போடுவதால் வந்தது. அதனால் அதிலே காப்பி வாசனையும் சாக்லெட் வாசனையும் இருக்கும்.

சுவைப்பது எப்படி?

இதைச் சுவைப்பதற்கு முறை உண்டு.

ஐஸ் போலக் குளிர வைக்கக் கூடாது. குளிர் அதிகமானால் மணம் அடங்கிவிடும். அடி பருத்து வாய் குறுகிய சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் 60 மில்லிதான் ஊற்றுவார்கள். தார் போல இறங்கும். மேலே பழுப்பு நுரை. முதலில் மோந்து பார்ப்பார்கள். பிறகு ஒரு வாய். நாக்கில் நிறுத்தி, "வனிலா தெரிகிறதா? தேங்காய் தெரிகிறதா?" என்று பேசிக்கொள்வார்கள்.

ஒரு பாட்டிலை எட்டுப் பேர் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. பெரிய கிளாசில் ஊற்றி மடக்கு மடக்கென்று குடித்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள்.

இந்த வழக்கத்தைத் தொடங்கியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். சிறு கிண்ணம் நாகரிகத்துக்காக மட்டும் அல்ல. அதில் ஒரு பயமும் இருக்கிறது.

"ஒரே ஒரு பீர்தான்!"

சாதாரண பீரில் நூற்றுக்கு 5 பங்கு ஆல்கஹால். பீப்பாயில் ஊறிய இந்தக் கறுப்பு பீரில் 14 பங்கு வரை, சில வேளை அதற்கு மேலும் உண்டு. பெயர் பீர். பலத்திலோ திராட்சை ஒயினையும் மிஞ்சிவிடுகிறது!

அமெரிக்க சுகாதாரத் துறையினர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 355 மில்லி சாதாரண பீர், "ஒரு குடி". 44 மில்லி விஸ்கியும் "ஒரு குடி". இரண்டிலும் இருக்கிற ஆல்கஹால் 14 கிராம்தான்.

இப்போது அரை லிட்டர் கறுப்பு பீர் பாட்டிலை எடுங்கள். நூற்றுக்கு 14 பங்கு என்றால் 70 மில்லி சுத்த ஆல்கஹால். அதாவது ஏறக்குறைய நாலு குடி. ஒரு பாட்டிலுக்குள் நாலு பீர்!

சிகாகோவில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன் நண்பர் வீட்டிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வருகிறான். மனைவி கேட்கிறாள்: "எவ்வளவு குடித்தீர்கள்?"

"ஒரே ஒரு பீர்தான்!"

அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அது உண்மையும் அல்ல. ஒரு குடியைத் தீர்க்கவே உடம்புக்குச் சுமார் ஒரு மணி நேரம் வேண்டும். நாலு குடியை நாலு நிமிஷத்தில் தீர்க்க எந்தக் காப்பியாலும் முடியாது. பச்சைத் தண்ணீர்க் குளியலாலும் முடியாது. அவன் ஏமாந்தான். காரிலிருந்தவர்கள் உயிர் தப்பியது அதிர்ஷ்டம்!

சிறு கிண்ணத்துக்காரர்களும் தப்புவதில்லை. ஒரு மாலையில் பத்து வகையைச் சுவைத்துப் பார்க்கலாம் என்று கூடுகிறார்கள். பத்துக் கிண்ணம், 600 மில்லி. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஐந்து குடி! "சும்மா ருசிதான் பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டு எழுந்தால் கால் தள்ளாடும்.

சட்டமே மறைத்தது!

இதைப் பாட்டிலில் எழுதினால் என்ன?

வேடிக்கையைக் கேளுங்கள். அமெரிக்காவில் 1935-ம் ஆண்டுச் சட்டம், பீர் லேபிளில் ஆல்கஹால் அளவை எழுதவே கூடாது என்று தடுத்தது! எழுதினால், "என் பீர்தான் பலம்" என்று ஆலைகள் போட்டி போடும் என்ற பயம். "கூர்ஸ்" என்ற பீர் கம்பெனி வழக்குத் தொடுத்தது. 1995-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஒருமுகமாக அந்தத் தடையைத் தள்ளிவிட்டார்கள். அறுபது வருஷம், குடிப்பவனிடமிருந்து உண்மையைச் சட்டமே மறைத்து வைத்திருந்தது.

தடை போனது. ஆனால் எல்லா பீரிலும் எழுதித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் நாடு முழுவதற்கும் வரவில்லை. அப்படிக் கட்டாயமாக்க, 2025-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அரசு ஒரு விதியை முன்மொழிந்தது. சுத்த ஆல்கஹாலை அவுன்ஸ் கணக்கில் அச்சிட வேண்டும் என்றும் அதில் யோசனை.

நல்ல முயற்சிதான். ஆனால் "0.6 அவுன்ஸ்" என்றால் எத்தனை பேருக்குப் புரியும்? "நூற்றுக்கு 14" என்பதும் அப்படியே. கறுப்பு பீர்ப் பாட்டில்களில் இந்த எண்ணைப் பெரும்பாலும் போடத்தான் செய்கிறார்கள். பெருக்கி வகுத்துப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அது செய்தி. மற்றவனுக்கு அது வெறும் எண்.

"இதில் 4 குடி இருக்கிறது" என்று எழுதுங்கள். எண்ணத் தெரிந்த எவருக்கும் புரியும். நேற்று எழுத்துக் கூட்டிப் படித்தவருக்கும் புரியும். ஆஸ்திரேலியாவில், அந்த நாட்டு அளவுப்படி, ஒரு பாட்டிலில் எத்தனை குடி என்று லேபிளில் போட்டே ஆகவேண்டும். அங்கே முடிந்தது மற்ற நாடுகளில் முடியாதா?

இரண்டு கேள்விகள்

"நாலு என்று போட்டால், பலத்தைத் தேடுகிறவன் அதையே வாங்குவானே?" என்று சிலர் கேட்கலாம். வாங்குவான். அவனுக்கு இப்போதே தெரியும். தெரியாதவர்கள் யார்? ருசிக்காக ஒரு பாட்டிலை எடுத்தவர். "பீர்தானே!" என்று நம்பி அவர் காரில் ஏறுகிற நண்பர். வாசலில் காத்திருக்கும் மனைவி. அவர்களுக்காகத்தான் அந்த எண்.

"குடியே வேண்டாம் என்று சொல்லாமல், லேபிளைப் பற்றிப் பேசுவதா?" என்று வேறு சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆரோக்கியத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ம் ஆண்டில் சொல்லிவிட்டது. குடிக்காதவர் குடிக்காமலே இருப்பதுதான் நல்லது. ஆனால் அமெரிக்கா 1920 முதல் 1933 வரை மதுவிலக்கை நடத்திப் பார்த்துக் கைவிட்ட நாடு. அங்கே பாட்டில் கடையில்தான் இருக்கப்போகிறது. கடையில் இருக்கும் வரை, அது உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா?

மூக்கு சொல்லாது

பெருங்காயச் சிமிழை மூக்கருகே கொண்டுபோனால் போதும். உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்துவிடும்.

இந்தக் கறுப்பு பீரை மோந்தால் என்ன தெரியும்? வனிலா தெரியும். தேங்காய் தெரியும். வறுத்த காப்பிக்கொட்டை தெரியும். நாலு பீரின் பலம் மட்டும் தெரியாது. மரம் தந்த இனிமை, அந்தக் காரத்தை மூடி வைத்துவிடுகிறது.

மூக்குக்குத் தெரியாததை எழுத்துதான் சொல்ல வேண்டும். எழுத்தைக் கண்டுபிடித்தது அதற்குத்தானே!