டாரன்டுலா வாங்கப் போறீங்களா? முதல்ல ரசீதைக் கேளுங்க

2021 ஜூலை தொடக்கம். போலந்திலிருந்து சென்னைக்கு ஒரு தபால் பார்சல் வந்தது. அனுப்ப வேண்டிய முகவரி அருப்புக்கோட்டை. சந்தேகப்பட்ட சுங்கத் துறை அதிகாரிகள் பிரித்துப் பார்த்தார்கள். தெர்மாகோல் பெட்டிக்குள் பஞ்சும் வெள்ளித்தாளும் சுற்றிய 107 சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் உயிரோடு ஒரு சிலந்தி.

வனவிலங்கு குற்றத் தடுப்புப் பிரிவும் இந்திய விலங்கியல் ஆய்வகமும் வந்து பார்த்தன. அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த டாரன்டுலாக்கள், அதில் மெக்சிகோ பக்கத்து பிராக்கிபெல்மா வகையும் இருக்கலாம் என்று சொன்னார்கள். இறக்குமதி உரிமம் இல்லை, சுகாதாரச் சான்றும் இல்லை. சுங்கச் சட்டத்தின் கீழ் பறிமுதல் செய்து, வந்த வழியே போலந்துக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி தபால் துறையிடம் ஒப்படைத்தார்கள்.

அது பெரிய கடத்தல் கும்பலின் சரக்கு மாதிரி தெரியவில்லை. விரல் நுனி அளவு குட்டிகள், நூற்றுச் சொச்சம். வாங்கி, கொஞ்சம் வளர்த்து, ஆன்லைனில் ஒவ்வொன்றாக விற்கிற வியாபாரத்துக்கான அளவு அது. அதாவது, கடைசியில் இந்தக் குப்பி போய்ச் சேர்வது உங்களை மாதிரி ஒருவரிடம்தான்.

கருங்குழியில் வீடு, மகேந்திரா சிட்டியில் வேலை என்று வைத்துக்கொள்வோம். நாய் வளர்க்க நேரமில்லை, பூனைக்கு ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார். சத்தம் போடாத, வாக்கிங் கேட்காத, வாரத்துக்கு ஒரு வேளை சாப்பிடுகிற உயிர் ஒன்று இருக்கிறது என்று ரீல்ஸ் சொல்கிறது. 'ரெட் நீ குட்டி இருக்கு ப்ரோ, பார்சல் பண்ணிடலாம்' என்று மெசேஜ் வருகிறது. இது சட்டப்படி சரியா?

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டு டாரன்டுலாவை வீட்டில் வைத்திருக்கவே கூடாது என்று தனியாக ஒரு சட்டம் கிடையாது. சிக்கல் அது எப்படி உள்ளே வந்தது என்பதில் இருக்கிறது. உயிருள்ள விலங்கை இறக்குமதி செய்ய வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும், நோய்த் தடுப்பு அனுமதியும் வேண்டும். அருப்புக்கோட்டைப் பார்சல் மாட்டியது இந்த இடத்தில்தான்.

அடுத்தது 'சைட்ஸ்' என்கிற சர்வதேச வணிக ஒப்பந்தம். அழிய வாய்ப்புள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துவது அது. எல்லா டாரன்டுலாவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் புதிதாக வளர்ப்பவர்கள் அதிகம் தேடுகிற, முழங்காலில் ஆரஞ்சு நிறம் உள்ள மெக்சிகன் ரெட் நீ உட்பட பிராக்கிபெல்மா இனங்கள் அதில் உண்டு. நம் ஊர்ப் புலிச் சிலந்திகளான பொய்சிலோதேரியா இனம் முழுவதும் 2019-ல் சேர்க்கப்பட்டது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்ஸ் பட்டியலில் உள்ளவை நான்காவது அட்டவணையில் வந்தன. 2024 பிப்ரவரி 28-ல் வெளியான விதிகளின்படி, அந்த அட்டவணையில் உள்ள விலங்கை உயிரோடு வைத்திருப்பவர் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குத் தந்த ஆறு மாத அவகாசம் அந்த ஆகஸ்ட்டோடு முடிந்தது. இப்போது புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாள்தான். கை மாறினாலும், குட்டி பிறந்தாலும், செத்துப்போனாலும் தெரிவிக்க வேண்டும்.

கிளி, ஆமை வளர்ப்பவர்களை மனதில் வைத்து எழுதிய விதி என்று தோன்றுகிறது. ஒரு பிராக்கிபெல்மா ஒரே முட்டைப் பையிலிருந்து பல நூறு குட்டிகளைப் பொரிக்கும். அத்தனைக்கும் எப்படிக் கணக்குக் காட்டுவது? விதியில் குறை இருக்கலாம். ஆனால் அதைச் சாக்காக வைத்து, 'அதெல்லாம் யாரும் செக் பண்ண மாட்டாங்க' என்கிற விற்பனையாளரை நம்ப முடியாது. பதிவு செய்யப் போகும்போது எங்கே வாங்கினீர்கள் என்ற கேள்வி உங்களிடம்தான் வரும். ரசீது இல்லாமல் வாங்கினால், அவர் மறைத்த சிக்கல் உங்கள் பெயருக்கு மாறுகிறது.

நம்ம ஊர்ச் சிலந்தி?

'இது இந்தியா சிலந்திதானே, இறக்குமதிப் பிரச்சினையே இல்லையே' என்றும் சொல்வார்கள். இதுதான் மோசமான பேரம். நீல நிறத்தில் மின்னும் பொய்சிலோதேரியா மெட்டாலிகா, ஆந்திராவின் கூட்டி ஊர் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்து, 1899-ல் விவரிக்கப்பட்டது. அதற்கப்புறம் நூறு வருடங்களுக்கு மேல் ஆராய்ச்சியாளர்கள் கண்ணில் படவில்லை. 2001-ல் நந்தியால் - கித்தலூர் இடையிலான காட்டில் மறுபடி தென்பட்டது. இன்று மிக அருகிய இனம். ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுப் பெட்டிகளில் அது தாராளமாகப் பெருகுகிறது. அதன் தாத்தா பாட்டிகள் எந்தக் காகிதத்தோடு கப்பலோ விமானமோ ஏறின?

ராமேஸ்வரம் கதை இன்னும் நெருக்கம். அங்குள்ள ஒரு கோயில் தோப்பின் பெயரால் 2004-ல் பொய்சிலோதேரியா ஹனுமவிலாசுமிகா என்று பெயர் வைத்தார்கள். பழைய மரப் பொந்துகள்தான் அதன் வீடு. கடல் தாண்டி மன்னாரிலும் இருப்பது பிறகு தெரிந்தது. உலகத்திலேயே மிகக் குறைந்த இடங்களில்தான் அது இருக்கிறது. ஒரு மரத்தை வெட்டினாலே குடும்பம் போய்விடும் என்கிற நிலையில், பொந்தில் குச்சி விட்டு ஒன்றைப் பிடிப்பது என்ன கணக்கு? காட்டிலிருந்தோ தோப்பிலிருந்தோ பிடித்தது என்றால் அதோடு பேச்சை முடித்துவிடுங்கள்.

சரி, ஒழுங்கான ரசீதோடு கிடைத்தால்?

அப்போதும் வருடத்தைக் கணக்குப் போடுங்கள். பிராக்கிபெல்மா பெண் சிலந்தி 20 வருடங்களைத் தாண்டி வாழும். ஆண், பருவம் வந்த பிறகு சீக்கிரம் செத்துவிடும். குட்டியாக வாங்கும்போது எது ஆண், எது பெண் என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் வளர்ந்த பின், உரித்த சட்டையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். நீங்கள் வாங்குவது சில வருட உயிரா, உங்கள் கல்யாணம், ஆன்சைட், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பார்க்கப் போகிற உயிரா என்பது வாங்கும் அன்று தெரியாது. முடியவில்லை என்று ஏரிக்கரையில் விட்டுவிட்டும் வர முடியாது.

வெளிநாட்டு வீடியோக்கள் ஹீட்டர் பற்றிப் பேசும். செங்கல்பட்டுப் பக்கம் கத்திரி வெயிலில் அது தேவையே இல்லை. நிழலும் காற்றோட்டமும், எப்போதும் நிரம்பிய தண்ணீர்க் கிண்ணமும்தான் முக்கியம். ஆனால் அந்த வீடியோக்களில் வராத எதிரி ஒன்று நம் வீட்டுச் சுவரிலேயே செருகியிருக்கிறது. கொசு லிக்விட். சுற்றிலும் வயல், பக்கத்தில் ஏரி, ஆறு மணிக்குக் கொசு. சுவிட்சைப் போடாமல் கருங்குழியில் தூங்க முடியுமா? அந்த மருந்தும் எறும்பு சாக்பீஸும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை. பூச்சியைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும். சாக்பீஸ் போடாவிட்டால் எறும்பு வரும். சட்டை உரித்து மென்மையாகக் கிடக்கும் சிலந்திக்கு எறும்பே எமன். பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது, மீன்வலைக் கொசுவலை இல்லாமல் நல்ல கொசுவலைக்கு மாறுவது, இப்படி வீட்டுப் பழக்கத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

அதே காரணத்தால் சமையலறைக் கரப்பானைப் பிடித்துப் போடக் கூடாது; அது எந்த மருந்தைத் தின்றதோ. பெட்டி உயரமாக வேண்டாம். தரையில் வாழும் கனமான சிலந்தி ஓர் அடி உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு பிளந்துவிடலாம். மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சட்டை உரிக்கும் நேரம் அது. சில வாரங்கள் சாப்பிடாமலும் இருக்கும். உயிரோடு விட்ட இரையை அப்போது எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இரை சிலந்தியைக் கடிக்கும்.

மனிதரைக் கடித்தால்? டாரன்டுலா கடித்து ஆள் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. அமெரிக்க வகைகள் வயிற்று முடியை உதறிவிடும். தோலில் அரிப்பு, கண்ணில் பட்டால் டாக்டரிடம் போகிற அளவு தொந்தரவு. புலிச் சிலந்தி கடித்தால் நாள்கணக்கில் கடும் தசைப்பிடிப்பு வரலாம். அதற்கு இங்கே விஷமுறிவு மருந்து கிடையாது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. அங்கே விஷம் எடுப்பது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு பாம்புகளிடமிருந்து. சிலந்திக்கு வலி மாத்திரையும் பொறுமையும்தான்.

இவ்வளவுக்கும் தயார் என்றால், விற்பவரிடம் மூன்று கேள்வி. எங்கே பொரித்தது? தாய்ச் சிலந்தியின் பதிவு இருக்கிறதா? என் பெயருக்கு மாற்றித் தருவீர்களா? பதில் எழுத்தில் வரட்டும், பணம் அப்புறம் போகட்டும்.